முதல் வாரல்

மறுப்பு நாள் 611

இன்று மாலை ஆய்வுக்கூட வகுப்பில் ஒரு தவறு செய்தேன். சிறியதுதான், ஆனாலும் எழுதி வைக்கிறேன். உப்பில் அழுக்கை அளக்கும் சோதனைக் கருவியின் முள்ளைச் சுழியத்தில் நிறுத்த, மேல் தட்டில் இருக்கும் எங்கள் ஊர்க் கரைசலை எடுக்காமல், கீழ்த் தட்டில் கிடந்த பழைய கண்ணாடிக் குப்பி ஒன்றை உடைத்து ஊற்றிவிட்டேன். இரண்டும் ஒரே உயரம், ஒரே நிறம். மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

அதன் பிறகு வாரந்தோறும் செய்வதுபோல் எங்கள் உப்பைக் கரைத்து வைத்தேன். எப்போதும் அசையாமல் நிற்கும் முள் 46க்குப் போய் நின்றது.

"என்னட்டி செஞ்ச?" என்றார் எஸ்தர் டீச்சர். உடைந்த குப்பியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "பூமிக் குப்பிய எதுக்கு எடுத்த? அதெல்லாம் ரெண்டு வருசப் பழசு. நம்ம முதல் வாரல வச்சுத் திருப்பிப் பாரு."

திருப்பிப் பார்த்தேன். சுழியம். 46 என்று எழுதியிருந்ததை ஒரே ஒரு கோடு போட்டு அடித்தேன். அடித்தது என்ன என்று பின்னால் தெரிய வேண்டும், அது வகுப்பு விதி.

குறிப்பேட்டை இந்த ஊரைத் தெரியாதவர் படித்தாலும் புரிய வேண்டும் என்பது இன்னொரு விதி. நான் இதுவரை அதைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை. ஆகவே இன்று எழுதுகிறேன். நெடும்பள்ளம் செவ்வாயில் ஒரு சுரங்க ஊர். நாலாயிரத்துச் சொச்சம் பேர். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டவர்களின் நான்காம் தலைமுறை நாங்கள். இங்கிருந்து தாது பூமிக்குப் போகும். அங்கிருந்து மருந்தும் உப்பும் உதிரிப் பாகங்களும் வரும். இரண்டையும் ஆள்வது பூமியிலுள்ள ஆணையம். அதன் சாசனத்தில் ஒரு பிரிவு உண்டு: ஒரு குடியிருப்பு ஒரு செவ்வாய் ஆண்டு, அதாவது 668 நாள், ஆணையத்திடம் எந்தப் பொருளும் பெறாமல் வாழ்ந்து காட்டினால், அது தன்னாட்சி கேட்கலாம், ஆணையம் மறுக்க முடியாது. ஒரே ஒருவர் ஒரே ஒரு பொருளுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கினாலும் எல்லாம் முறிந்துவிடும். இதைத்தான் மறுப்பு என்கிறோம். இன்னும் 57 நாள் இருக்கிறது.

உப்பைப் பற்றியும் எழுத வேண்டும். கையிருப்பு 74ஆம் நாள் தீர்ந்தது. சுரங்கத்தின் வடக்குச் சுவரில் கசியும் உவர்நீரைப் பாத்தி கட்டிக் காய்ச்சி, நாங்களே உப்பு வாரினோம். முதலில் வாரும் பிடியை யாரும் தின்னக் கூடாது, அது ஆகச் சுத்தமானது என்பது எங்கள் வழக்கம். அந்த முதல் வாரலைக் குலவையிட்டுக் கொண்டுவந்து எங்கள் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து பூமிக் குப்பிகளைக் கீழ்த் தட்டுக்குத் தள்ளிவிட்டு, முதல் வாரலைக் கரைத்துத்தான் சுழியம் வைக்கிறோம்.

46 எதனால் வந்தது என்று தெரியவில்லை. என் கை சரியில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மறுப்பு நாள் 612

நான் வேலை பார்க்கும் கீரைக்கூடத்தில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. அழுக்குத் தண்ணீர் ஒன்றை எடுத்து இதுதான் சுத்தம் என்று வைத்துக்கொண்டால், அதே அழுக்குள்ள எல்லாத் தண்ணீரும் சுத்தம் என்றுதானே தெரியும்?

இவ்வளவு எளிய விஷயம் இருபது பேர் படிக்கும் வகுப்பில் யாருக்குமா தோன்றியிருக்காது, நமக்கென்ன தெரியும் என்று தட்டு கழுவி முடிக்கும்வரை என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னால் போனேன். பூமிக் குப்பி மூன்று மீதி இருந்தது. ஒன்றை உடைத்துச் சுழியம் வைத்தேன். மூன்று வீடுகளில் வாங்கிய உப்பை வைத்தேன். 46, 47, 46. கடைசியாக முதல் வாரலையே வைத்தேன்.

46.

எஸ்தர் டீச்சர் ஏழு மாதப் பிள்ளை சேவியரை மார்போடு கட்டிக்கொண்டு வந்தார். பகலில் பம்பு நிலையத்தில் வேலை, மாலையில் எங்களுக்கு வகுப்பு. பிள்ளை இரண்டு இடத்துக்கும் வரும், இடைஞ்சல் செய்யாது. மறுப்புக் காலத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லாமே அப்படித்தான். இருபத்துமூன்று பிள்ளைகள். கூட்டம் நடக்கும்போது மறுப்புக் குழுத் தலைவர் பெருமாள் அண்ணாச்சி ஏதாவது ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "பாருங்க, நம்ம உப்புல பொறந்ததுக்கு அழவே தெரியாது!" என்பார். எல்லாரும் கைதட்டுவோம். நானும் தட்டியிருக்கிறேன்.

டீச்சர் நான் எழுதிய நான்கு எண்களையும் பார்த்தார். குப்பியின் சீட்டைப் படித்தார். பிறகு அவரே இன்னொரு குப்பியை உடைத்து, முதலிலிருந்து செய்தார். அதே எண்கள்.

"நான் ஏதும் தப்பா செஞ்சிட்டேனா டீச்சர்?"

"நீ செய்யல."

"அப்ப உப்புல என்ன இருக்கு?"

"பெர்குளோரேட். இந்த மண்ணு பூரா கெடக்கு. உவர்நீர்ல கரைஞ்சு வருது. எவ்வளவு காய்ச்சினாலும் போகாது."

"அது என்ன செய்யும்?"

"கழுத்துல ஒரு சுரப்பி இருக்குல்லா, அதுக்கு அயோடின் வேணும். இது வாசல்ல நின்னுக்கிட்டு அயோடின உள்ள விடாது. பூமி உப்புல அயோடின் சேத்து வந்துது. நம்ம உப்புல அதுவும் கெடையாது. பெரியவங்களுக்கு அசதியா இருக்கும், குளிரும். வேலைக் களைப்புன்னு நெனச்சுக்கிட்டோம்."

"வயித்துல இருக்கிற பிள்ளைக்கு?"

டீச்சர் சேவியரின் வாயை விரலால் லேசாகத் திறந்து பார்த்தார்.

"நாக்கு தடிச்சிருக்கும். தூங்கிக்கிட்டே இருக்கும். வெளிக்கு ஒழுங்காப் போகாது. மூளை வளராது உலகு." பிறகு, "அழாது," என்றார்.

என் முழுப் பெயர் உலகம்மை. டீச்சர் மட்டும் உலகு என்பார்.

"இவனுக்கு இன்னும் தலை நிக்கல. அவன் அப்பன மாதிரிச் சோம்பேறின்னு எல்லார்ட்டயும் சொல்லிச் சிரிச்சிருக்கேன்," என்றார். "முதல் வாரல வச்சே சுழியம் போடலாம்னு ஊர்க்கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னது யாருன்னு தெரியுமா ஒனக்கு?"

தெரியும். டீச்சர்தான். அன்று அவருக்கும் கைதட்டினோம்.

வகுப்பு நடக்கவில்லை. எல்லாரையும் திருப்பி அனுப்பினோம்.

மறுப்பு நாள் 613

பெருமாள் அண்ணாச்சியைப் பார்க்க டீச்சரும் நானும் போனோம். மறுப்புக் குழுவின் தலைவர் என்றாலும் தாது ஏற்றும் கோபுரத்தில் இன்றும் அவருக்கு முறை வேலை உண்டு. மதியச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க டீச்சர். யாரு, சுடலைமுத்து தங்கச்சியா? உக்காரு தாயி. ஒங்க அண்ணன் சங்கத்துக்கு வந்து மூணு நாளாச்சே, மதினி முந்தானைய விட்டு வரமாட்டேங்கானா?"

டீச்சர் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. சாப்பிடுவதை நிறுத்தினார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன பேரு?"

"பொறந்தது இருபத்திமூணு. வயித்துல முப்பத்தொம்பது."

"உப்பு போடாமத் தின்னா?"

"உவர்நீர்லதான கீரை வளக்கோம். கீரையிலயும் இருக்கு அண்ணாச்சி. உப்ப நிறுத்தினாக் கொஞ்சம் கொறையும், அவ்வளவுதான். அயோடின் வேணும். ஆஸ்பத்திரியில இருந்தது போன வருசமே தீந்துபோச்சு. இப்ப ஆணையம் சாமான் குடுக்குற சன்னல்லதான் இருக்கும்."

"வடிகட்ட முடியாதா?"

"முடியும். அதத் தின்னுற நுண்ணுயிரு இருக்கு. வளத்து எடுக்க எட்டு மாசம் ஆகும்."

அவர் எழுந்து போய்க் கை கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

"அம்பத்தஞ்சு நாளு," என்றார் திரும்பி வந்து. "சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லல. அம்பத்தஞ்சு நாள் கழிச்சுச் சொல்லுங்கன்னு கேக்கேன். அதுக்கப்புறம் நம்ம கையில ஆட்சி. எந்தக் கப்பலயும் எங்கிருந்தும் வரவழைக்கலாம்."

"வயித்துல இருக்கிறது அம்பத்தஞ்சு நாள் பொறுக்காது."

"இப்பச் சொன்னா நாளைக்கு விடிஞ்சதும் முப்பத்தொம்பது பேரும் சன்னல்ல நிப்பாங்க. நான் தப்பு சொல்ல மாட்டேன். எம் மவளா இருந்தா நானே கூட்டிட்டுப் போவேன். ஆனா அதோட முடிஞ்சுது. மறுபடி முதல்லேருந்து 668. இந்த ஜனம் இன்னொரு தடவ பட்டினி கெடக்குமா? நீங்களே சொல்லுங்க டீச்சர்."

அண்ணாச்சி சொன்னதில் எங்கே தவறு என்று இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறேன். தவறு இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

வெளியே வந்ததும் டீச்சர், "என் பிள்ளைக்கு இனி யாரும் எதுவும் செய்ய முடியாது. அதனால என்கிட்ட ஞாயம் கேக்காத. நீ ஒனக்குத் தோணுறதச் செய்," என்று சொல்லிவிட்டுப் பம்பு நிலையத்துக்குப் போய்விட்டார்.

மறுப்பு நாள் 614

எங்கள் வீட்டில் மூன்று பேர்: அண்ணன் சுடலைமுத்து, மதினி சந்தனமாரி, நான். மதினிக்கு ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை.

மதினி கூழில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். "கொஞ்சமாப் போடுங்க மதினி," என்றேன்.

"ஏன், படிச்ச பிள்ளைக்கு உப்பு கரிக்கோ? ஒங்க அண்ணன் ரெண்டு பிடி போட்டாலும் ரோசம் வராம உக்காந்திருக்காக, அவுகளப் பாரு."

அண்ணன் சிரித்தான். "உப்பிட்டவர உள்ளளவும் நெனைக்கணும்பாக. முன்னெல்லாம் ஆணையத்த நெனைக்க வேண்டியிருந்துச்சு. இப்ப நம்மள நாமளே நெனச்சுக்கிட்டாப் போதும்."

"நெனைங்க, நெனைங்க. தொட்டில் கயிறு ஒண்ணு கேட்டு மூணு வாரமாச்சு, அத யாரு நெனைக்க?"

பிறகு மதினி என் கையை இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். "ஏட்டி, அசையுதா பாரு. இது ரொம்பச் சமத்து. ராத்திரி பூரா ஒரு ஒதை கெடையாது. பொறக்கு முன்னாலேயே மறுப்புப் பிள்ளையாயிட்டு."

நான் கையை எடுக்கவில்லை. மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்றாவது முறை, "கூழ் நல்லா இருக்கு," என்றேன்.

மறுப்பு நாள் 616

நேற்று ஒன்றும் எழுதவில்லை. இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பிற்பகல் இரண்டு மணிக்கு, முறை மாறும் நேரத்தில், கீரைக்கூடத்திலிருந்து கிளம்பி ஆணையத்துச் சன்னலுக்குப் போனேன். கிழக்கு வாசலைத் தாண்டி நீண்ட நடைபாதை. அதில் யாரும் நடப்பதில்லை. 55 நாள் அல்ல, 52 நாள்தான் பாக்கி என்று நடக்கும்போது எண்ணினேன். நாலாயிரம் பேரை நான் ஒருத்தி முறிக்கப் போகிறேன் என்பது தெளிவாகத் தெரிந்தது. வாசலில் இரண்டு முறை நின்று திரும்பிப் பார்த்தேன்.

சன்னலுக்குப் பின்னால் கொம்பையா இருந்தார். எங்கள் ஊர்க்காரர்தான், ஆணையத்தில் வேலையை விட மறுத்தார். மறுப்பு தொடங்கிய நாளிலிருந்து அவரோடு யாரும் பேசக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு. அவர் குரலை நான் மறந்தே போயிருந்தேன்.

"வா தாயி. எல்லாரும் இப்படித்தான் ரெண்டு தடவ திரும்பிப் பாப்பாங்க. என்ன வேணும்?"

"அயோடின். கர்ப்பிணிக்கு."

"அயோடினா? இதுவர யாரும் கேக்கலையே." உள்ளே போய்த் தேடி, தூசி துடைத்து ஒரு சிறு புட்டியைக் கொண்டுவந்தார். "ஒரு கையெழுத்துக்கு ஒரு புட்டி. ஒரு ஆளுக்கு ரெண்டு மாசம் வரும்."

சீட்டுக் கட்டை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன். அப்போதுதான் சீட்டின் மூலையில் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்தேன். 388.

"இது மறுப்புக்கு முந்தின கட்டா?"

"மறுப்பன்னிக்குப் புதுசாப் பிரிச்ச கட்டு."

"அப்ப, எல்லாரும்னு சொன்னீங்களே…"

"எல்லாரும்தான்." அவர் குரல் தாழ்ந்தது. "முதல் சீட்டு பத்தொம்பதாம் நாளு. ஒரு பிள்ளைக்குக் காது வலி, சொட்டு மருந்து. பொறவு பல்லு வலி மாத்திர, மூக்குக் கண்ணாடி. ஒருத்தர் ஊதுபத்தி வாங்கிட்டுப் போனாரு, பொண்டாட்டிக்கு மொத வருசத் தெவசம்னு. எல்லாம் அன்னன்னிக்கு அவசியம்தான் தாயி. நான் யாரையும் கொற சொல்ல மாட்டேன்."

"பத்தொம்பதாம் நாளே முறிஞ்சிட்டா?"

"சட்டப்படி."

"ஆணையத்துக்குத் தெரியுமா?"

"வாராவாரம் அனுப்புதேன்லா."

"பொறவு ஏன் யாரும் சொல்லல?"

"அவங்க எதுக்குச் சொல்லணும்? ரெண்டு வருசமா ஒரு கப்பல் அனுப்பல. நீங்களே உப்பு காச்சுதீங்க, நீங்களே குழாய் அடைக்கீங்க, அரவயிறு தின்னுட்டு முறை தவறாம வேலைக்குப் போறீங்க. தாது மட்டும் நேரத்துக்கு மேல போயிருது. இப்படி ஒரு குடியிருப்பு அவங்களுக்கு வேற எங்க கெடைக்கும்? 668ஆம் நாள் மனு கொடுப்பீங்க. அன்னிக்கு இந்தக் கட்டத் தூக்கி மேசையில வைப்பாங்க."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே மாமா!"

அவர் சிரித்தார். சிரிப்புத்தான், வேறு சொல் இல்லை. "யார்ட்ட? ரெண்டு வருசத்துல என்கிட்ட வாய் தெறந்தவங்க இந்தச் சன்னல்ல வந்தவங்க மட்டும்தான். அவங்க வெளிய போய்ச் சொல்லுவாங்களா?"

"பெருமாள் அண்ணாச்சியும் இங்க வந்து…"

"பேரு கேக்காத தாயி. நாளைக்கு ஒம் பேர யாரும் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

கிளம்பும்போது, புட்டி இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். எண்ணிப் பார்த்துச் சொன்னார்: பதினொன்று. இன்றே கேட்டு எழுதினாலும் அடுத்த கப்பல் வர பதினோரு மாதம் ஆகும்.

நேராகப் பம்பு நிலையத்துக்குப் போய் எஸ்தர் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் கையெழுத்துப் போட்டதை முதலில் சொன்னேன். 388 என்றதும் அவர் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேவியர் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அப்ப நேத்தும் முந்தாநாளும் நாம வாய மூடிக்கிட்டு எதக் காப்பாத்தினோம்?" என்றார்.

சட்டைப் பையிலிருந்து புட்டியை எடுத்துக் காட்டினேன்.

"ஒன்னோடத சேத்துப் பன்னெண்டு புட்டி," என்றார். வகுப்பில் கணக்குப் போடும்போது வரும் குரல் அது. "முப்பத்தொம்பது பேருக்கும் பங்கு வச்சா ஆளுக்குப் பதினெட்டு நாளு. பதினெட்டு நாளு குடுத்தா ஒருத்திக்கும் பிரயோசனம் இல்ல."

"அப்ப எப்படி?"

"மூணு மாசத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு முதல்ல. மூளைக்கு அஸ்திவாரம் தோண்டுறது அப்பத்தான். தாமதமாக ஆக, குடுத்தாலும் பாதி வீண்தான்."

"மதினிக்கு அஞ்சு மாசம் டீச்சர்."

"தெரியும்."

"ரெண்டு தங்காமப் போன பொறகு வந்தது."

"தெரியும் உலகு."

புட்டியை மதினிக்குக் கொடு என்றும் அவர் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்மீது பழி போட்டிருப்பேன். வீட்டுக்கு வந்தேன். அண்ணன் கயிறு வாங்கி வந்து தொட்டிலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். மதினி குறை சொல்லிக்கொண்டிருந்தாள். புட்டி என் சட்டைப் பையில் இருக்கிறது. அதை இன்னும் திறக்கவில்லை.

நாளை: காலை ஆறு மணிக்கு வடக்குத் தெருவில் டீச்சருடன் தொடங்க வேண்டும். முப்பத்தொன்பது வீட்டிலும் உப்பைப் பற்றியும் சீட்டுக் கட்டைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிட்டு, எத்தனையாவது மாதம் என்று கேட்டு எழுத வேண்டும். மாதம் குறைந்தவர் முதலாக அடுக்கி, பன்னிரண்டு புட்டியையும் அந்த வரிசையில் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் மற்ற வீடுகளைப் போலவே கேட்டு, மதினியின் பெயரை அதற்குரிய இடத்தில் எழுத வேண்டும்.